முதுகில் கண் இல்லாதவள்

உட்கார்ந்துவிட்டேன். டோக்கன் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. இனி அவனே நினைத்தாலும் எழுந்து போக முடியாது. இஸ்மத் பாய் வீடியோ கேம் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். ஜெயித்தவன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அடுத்த டோக்கன்காரர் யாராக இருந்தாலும் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்காரலாம், நடுவில் எழுந்தால் தோற்றதாக அர்த்தம். மத்தியானச் சோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்த என் தம்பி ஜெரால்டு இதுவரை ஒருத்தருக்கும் ஸ்டூலை விட்டுக்கொடுக்கவில்லை என்று வாசலிலேயே சொன்னார்கள். எழுந்திருக்க மாட்டான், எனக்குத் தெரியாதா, அம்மை போட்டிருந்தபோதுகூட கேரம் போர்டை விட்டு எழாத ஜென்மம் அது. சாயந்திரம் ரயில். மும்பை போய், அங்கிருந்து கத்தார். போனால் இரண்டு வருஷத்துக்கு ராயபுரம் பக்கம் தலைகாட்ட மாட்டான். சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தானாம், என் வீடு ஒன்றைத் தவிர. அம்மா போனில் அழுதாள். நான் அழவில்லை, டோக்கன் வாங்கினேன். பேச மாட்டாயா, சரி, பேசாதே. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஆடித்தானே ஆகவேண்டும். யாராவது ஒருத்தர் ஐந்து கோல் போடுகிற வரைக்கும் நீ இந்த ஸ்டூலில், நான் இந்த ஸ்டூலில். அதற்குள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்தாக வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை. அதை வாங்காமல் நான் இந்தக் கடையை விட்டுப் போவதாக இல்லை.

திரை வெளிச்சமாகிறது. அதே தெரு. ஏதோ அயல்நாட்டுத் தெரு, இரண்டு பக்கமும் பெயின்ட் கிறுக்கிய சுவர், பால்கனியில் காயும் துணி, இந்த முனையில் இழுத்து மூடிய ஷட்டர் ஒரு கோல், அந்த முனையில் இரும்பு கேட் இன்னொரு கோல். பக்கத்துக்கு மூன்று பேர், கோலைக் காக்க ஒரு கோலி. அவுட் கிடையாது, ஃபவுல் கிடையாது, விசில் ஊத ஆள் கிடையாது, பந்து சுவரில் பட்டால் திரும்பி வரும், ஆள்மேல் ஆள் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. எங்கள் கிணத்தடி சந்தில் நாங்கள் ஆடுவதை யாரோ ஒளிந்திருந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் இந்த ஆட்டத்தைச் செய்திருக்கிறான் என்று சின்ன வயதில் நானும் இவனும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். மழை பெய்து சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றால் நேராக இங்கேதான். அவன் எப்போதும் நீல ஜெர்சி மொட்டையை எடுப்பான், நான் மஞ்சள் ஜெர்சியில் இரட்டைச் சடை போட்ட பெண்ணை. இப்போதும் மொட்டையைத்தான் எடுத்திருக்கிறான். நானும் சடைக்காரியை எடுத்தேன். அவன் பார்த்தானா? கழுத்து திரும்பவில்லை. கன்னத்தில் புதிதாகத் தாடி, சுருட்டைச் சுருட்டையாக, அப்பாவுக்கு இருந்த மாதிரியே. இந்தத் தாடி எப்போது வந்தது, யார் அதை முதலில் பார்த்தது, நான் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மொட்டை என் ஆளைத் தாண்டிப் போய் பந்தை ஷட்டரில் அடித்துவிட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. நாள் பூராவும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிற கை, இந்த மூன்று பட்டனைத் தேடித் தடவுகிறது. வெட்கக்கேடு. கொஞ்சம் சுதாரிப்பதற்குள் இன்னொன்று. இரண்டுக்குப் பூஜ்யம்.

நான் சொன்னேன். அதுதான் விஷயம், சொன்னேன். சொல்லவே இல்லை என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். இதே கடையில், இதே பெட்டிக்கு முன்னால், இதோ இப்போது உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூலில் அவன் உட்கார்ந்து யாரோடோ ஆடிக்கொண்டிருந்தான், நான் பின்னால் நின்றேன், தெளிவாகச் சொன்னேன், ஜெரா, வர்ற திங்கக்கிழமை நானும் மாசியும் ரெஜிஸ்டர் பண்ணிக்கப் போறோம், சாட்சிக்கு நீதான் வரணும் என்று. அவன் சரி சரி என்றான். சரி என்றால் சரிதானே? இரண்டு தடவை வேறு சொன்னான். நான் அந்தச் சந்தோஷத்தில் வாசலில் ஜிகர்தண்டா வாங்கிக் குடித்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ் மரத்தடியில் புடவை கசங்கக் கசங்க நின்று தெருமுனையையே பார்த்தேன், அவன் வரவில்லை, கடைசியில் எவனோ ஜெராக்ஸ் கடைக்காரன் வந்து கையெழுத்துப் போட்டான். இவனுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் மைதானத்தில், ஆட்டத்துக்கு நடுவில், எவனோ ஒருத்தன் உங்கக்காவ எங்காள் தூக்கிட்டான் பாத்தியா என்று கேட்டு. பந்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்தவன்தான். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு வார்த்தை கிடையாது. அதிலும் நான் கட்டியது யாரை, டேங்க் சந்து கோலி மாசிலாமணியை. எங்கள் சந்துக்கும் டேங்க் சந்துக்கும் ஆகாது. அதிலும் ஜெரால்டு வாழ்க்கையில் அடித்த நல்ல பந்துகளில் பாதி அந்த மனுஷன் கைக்குள்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோபம் வரும்தான். ஆனால் சொல்லவில்லை என்று சொல்வது அநியாயம். சொன்னேன். அவன் சரி சரி என்றான். சத்தமாகத்தான் சொன்னேனா? இந்தப் பெட்டி போடுகிற கூச்சலில், இந்த ஃபேன் சத்தத்தில், அவன் முதுகைப் பார்த்துத்தானே சொன்னேன். முதுகுக்குக் காது உண்டா? இல்லை, அவன் சரி சரி என்றானே. அந்த இரண்டு சரியையும் எத்தனை ராத்திரி எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் அது எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும், ஒரு நாள் மறைக்காதே நகரு என்று சொன்ன மாதிரி இருக்கும்.

பந்து என் காலுக்கு வந்திருக்கிறது. என் காலுக்கு என்று சொல்கிறேன், சடைக்காரியின் காலுக்கு. எதிரே மொட்டை அகலமாக நிற்கிறான், வழி இல்லை. வழி இல்லை என்றால் என்ன, சுவர் இருக்கிறதே. கிணத்தடி சந்தில் பிறந்தவளுக்குச் சுவரும் ஒரு ஆட்டக்காரர்தான். மரியதாஸ் வாத்தியார் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு இடம் சிமென்ட் பெயர்ந்து கிடக்கும், அங்கே அடித்தால் பந்து தாழ்ந்து வரும், அதற்கு ஒரு முழம் தள்ளி அடித்தால் எழும்பி வரும், எனக்கும் ஜெரால்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நான் சுவரில் அடித்துவிட்டு இந்தப் பக்கமாக ஓடுவேன், பந்து அந்தப் பக்கமாக வந்து என்னிடமே சேரும், நடுவில் நிற்கிறவன் ஙே என்று விழிப்பான். விரல் தானாக அழுத்தியது. கிறுக்கல் சுவரில் பட்டுப் பந்து திரும்பி வந்தது, சடைக்காரி மொட்டையைச் சுற்றிப் போய் வாங்கிக்கொண்டாள், இரும்பு கேட் கிடுகிடு என்று ஆடியது. கோல். என் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, அதை நான் அடக்கவில்லை. அட, கை மறக்கவில்லை. கை எதையும் மறக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் நின்றவர்கள் யாரது யாரது என்று விசாரிக்கிறார்கள். ஜெரால்டோட அக்காடா, கிணத்தடி சந்து ஜெசிந்தா, பொம்பளன்னு பாக்காத, காலை எடுத்துடும் என்று யாரோ ஒரு நல்லவன் சொன்னான். காதில் தேன். மேலே சிவப்புக் கோடு கொஞ்சம் நிரம்பியிருக்கிறது. வித்தை காட்டக் காட்ட அது நிரம்பும், முழுக்க நிரம்பினால் பந்து தீப்பிடிக்கும், அந்தப் பந்தை எந்தக் கோலியாலும் பிடிக்க முடியாது. மாசியாலும் முடியாது என்று ஜெரால்டு அந்தக் காலத்தில் சொல்வான். மாசிக்கு அப்போது என்னைத் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தான்.

அந்த வேன் எப்போது வரும் என்று நினைத்தேன், நினைத்ததும் வந்துவிட்டது. இந்த ஆட்டத்தில் அதுதான் பெரிய வில்லங்கம். எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது, தெருவின் குறுக்கே ஒரு மஞ்சள் வேன் ஹார்ன் அடிக்காமல் பாயும், மேல்மூலையில் சுவரில் ஒரு துளி வெளிச்சம் மட்டும் முன்னால் விழும், பார்த்தவன் பிழைத்தான், பார்க்காதவன் பந்தை விட்டுவிட்டு மல்லாந்து விழுவான். எங்கள் சந்திலும் வண்டி உண்டு. ஆளுக்கும் பந்துக்கும் மீன் கூடை ஏற்றி வரும் மீன்பாடி வண்டிக்கும் ஒரே சந்துதானே. ஆனால் எங்களுக்கு முறை உண்டு. யார் முதலில் பார்த்தாலும் வண்டி என்று கத்த வேண்டும். எதிர்க்கட்சியாக இருந்தாலும், கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு நின்றாலும், கத்தியே ஆக வேண்டும். கத்தியதும் பந்து வைத்திருப்பவர் அதைக் காலுக்குக் கீழே அமுக்கிக்கொள்ள வேண்டும், எல்லாரும் சுவரோடு ஒட்ட வேண்டும், வண்டி போனதும் பந்து யாரிடம் இருந்ததோ அவரிடமிருந்தே ஆட்டம் தொடரும். ஜெரால்டின் காலால் வந்த முறை அது. அவன் சின்னப்பையனாக இருந்தபோது நான் கத்தினேன், நான் எதிர்க்கட்சி, ஏமாற்றுகிறேன் என்று நினைத்து நிற்காமல் ஓடினான், மீன்பாடி வண்டியின் சக்கரம் வலது பாதத்தில் ஏறி இறங்கிவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு பொய்யினு நெனச்சிட்டேங்க்கா பொய்யினு நெனச்சிட்டேங்க்கா என்று அழுதுகொண்டே வந்தான். அன்றிலிருந்து சந்தில் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள். பொய்யாகக் கத்தினவனும் பார்த்துவிட்டுக் கத்தாதவனும் ஒரு வாரம் பந்தைத் தொட முடியாது. நான் கத்த வேண்டிய நேரத்தில் கத்திவிடுவேன், ஆனால் என்னை நோக்கி வண்டி வந்தால் எனக்குத் தெரியாது, பந்து காலில் இருந்தால் கோலைத் தவிர உலகத்தில் எதுவும் எனக்குத் தெரியாது. எங்கக்காவுக்கு முதுகுல கண்ணு இல்ல என்பான் ஜெரால்டு. அதனால் மற்றவர்களுக்கு வெறும் வண்டி, என்னை மட்டும் கூப்பிட்டுக் கத்துவான், எக்கா வண்டி என்று.

இப்போது வேன் வருகிறது, மொட்டையை நோக்கி. மேல்மூலையில் வெளிச்சத்தை நான் பார்த்துவிட்டேன். அவன் பார்க்கவில்லை, சிவப்புக் கோட்டை நிரப்புகிற ஆசையில் பந்தைத் தலையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். என் வாய் திறந்துவிட்டது. முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சொல்லிவிடலாம், சொன்னால் முடிந்தது, ஆனால் ஏன் நான் சொல்ல வேண்டும், எப்போதும் நானேதான் முதலில் பேச வேண்டுமா, கிறிஸ்மஸுக்கு நான்தான் போன் போட்டேன், அப்பா நினைவு நாளில் கல்லறையில் நான்தான் மெழுகுவத்தியை நீட்டினேன், வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான், இன்றைக்கு அவன்தான் முதலில் என்று நான் ஒரு முடிவோடு வந்திருக்கிறேன், இது சந்து இல்லை, இது வெறும் பெட்டி. வாயை மூடிக்கொண்டேன். வேன் மொட்டையைத் தூக்கி அடித்தது. பந்து உருண்டு என்னிடம் வந்தது. கோலடித்தேன், இரண்டுக்கு இரண்டு. கடை ஆர்ப்பரித்தது. அப்போது அவன் திரும்பினான். இவ்வளவு நாளில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தான், கோபமாக இல்லை, நீ பார்த்தாய்தானே என்று கேட்கிற பார்வை. எனக்குக் காது சுட்டது. கோலடித்துவிட்டு இப்படி அசிங்கமாக உணர்ந்ததே இல்லை. பெட்டிதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன், சமாதானம் ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் கோபத்தில் ஆடுகிறான், கோபத்தில்தான் அவன் நன்றாக ஆடுவான். ஒன்று போட்டான். நான் ஒன்று போட்டேன். மறுபடி அவன். ஒவ்வொரு தடவையும் அவன் அடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் அவனுடைய வலது தோள் இறங்கி என் தோளில் இடிக்கிறது. முதலில் வேண்டுமென்றே இடிக்கிறான் என்று நினைத்தேன். வீட்டிலிருந்து நான் புறப்படும்போது மாசி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னது அப்புறம்தான் உறைத்தது. உன் தம்பி அடிக்கிறதுக்கு முன்னாடி வலது தோள எறக்குவான், அத வெச்சுத்தான் நான் இத்தினி வருசமா புடிச்சேன், யாராண்டயும் சொல்லாத என்று. காலால் ஆடினாலும் கையால் ஆடினாலும் பயல் மாறவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தோளை இறக்குகிறான். தோள் இடித்ததும் நான் சடைக்காரியைக் குறுக்கே விட்டேன், பந்து அவள்மேல் பட்டு நின்றது. மறுபடி இடித்தது, மறுபடி குறுக்கே விட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சிரிப்போடு சேர்ந்து வேறு ஏதோவும் வந்தது. இவனுடைய தோள் என்மேல் பட்டு எவ்வளவு காலம் ஆகிறது. சின்ன வயதில் ஒரே பாயில் படுப்போம், தூக்கத்தில் உதைப்பான், எழுப்பித் திட்டுவேன். கத்தாரில் யாரை உதைப்பான்? வெயிலாம், தலைவலி வந்தால் மாத்திரை வாங்கக்கூட சூப்பர்வைசரைக் கேட்க வேண்டுமாம். அங்கே போய் அவனுக்கு ஏதாவது ஒன்று என்றால் அம்மாவுக்குப் போன் வரும், அம்மா சொல்லி எனக்குத் தெரியும், நான் நேராகக் கேட்க முடியாது, இப்படியே இரண்டு வருஷம் நாலு வருஷமாகும், பழகிவிடும், பழகிவிடுவதுதான் பயம், சண்டை போட்ட காரணம்கூட மறந்துபோய்ப் பேசாமல் இருப்பது மட்டும் பழக்கமாகிவிடுகிற அண்ணன் தம்பிகளை எங்கள் சந்திலேயே பார்த்திருக்கிறேன், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், குடத்தை நகர்த்தக்கூட மூன்றாவது ஆளைக் கூப்பிடுவார்கள். கேட் ஆடியது. நான்தான் அடித்திருக்கிறேன். நாலுக்கு நாலு.

கடைசி கோல். கடையில் மற்ற பெட்டிகளை விட்டுவிட்டு எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள், இஸ்மத் பாய்கூட கல்லாவை விட்டு வந்து நிற்கிறார், அவருடைய அத்தர் வாசனை வருகிறது. இன்னும் ஒரு கோல், அது யாருடையதாக இருந்தாலும் முடிந்தது, அவன் எழுந்து போய்விடுவான் அல்லது நான். வார்த்தை வரவில்லை. கழுத்து திரும்பியது, தோள் பட்டது, வாய் மட்டும் பூட்டுப் போட்டாற்போல் இருக்கிறது. ஆட்டத்தை இழுக்கலாமா என்று நினைத்தேன், பந்தைச் சுவரில் தட்டித் தட்டி வைத்துக்கொண்டே இருக்கலாம், இருட்டும்வரை, ரயில் போகும்வரை. ஆனால் என் உடம்புக்கு இழுக்கத் தெரியாது. பந்து காலில் இருந்தால் கோல்தான். குதிகாலால் ஒன்று, சுவரில் ஒன்று, மொட்டையின் கால்களுக்கு நடுவில் ஒன்று. ஓ என்று கூவினார்கள், சிவப்புக் கோடு நிரம்பிவிட்டது. பந்து தீப்பிடித்தது. எதிரே கேட், கேட்டுக்கு முன்னால் கோலி மட்டும், மொட்டை எங்கேயோ பின்னால். இதுதான், அவ்வளவுதான், இடது மூலை, கட்டைவிரல் பட்டனுக்கு மேலே, கோலைத் தவிர வேறு எதுவும் இல்லை, கேட்டின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி, அது மட்டும்தான்.

“எக்கா, வண்டி.”

கை அதுவாகவே இழுத்துவிட்டது. யோசிக்கவில்லை, ஏமாற்றுகிறானா என்று ஒரு நொடி நினைக்கவில்லை, அந்த வார்த்தையை நினைத்துப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சடைக்காரி பந்தோடு போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். மஞ்சள் வேன் அவள் நின்றிருந்த இடத்தின் மேலேயே பாய்ந்து போனது. எதிர்ச்சுவரைப் பார்த்தேன், மொட்டையும் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். வந்து பந்தைப் பறித்திருக்கலாம், பறிக்கவில்லை, இவன் கையும் தானாகவே இழுத்திருக்கிறது. திரையில் காலியான தெரு. இரண்டு சுவரிலும் இரண்டு பேர். நடுவில் புழுதி. கடையில் ஒருத்தருக்கும் எதுவும் புரியவில்லை, பைத்தியமாடா இவன், தானா போய் அடிபட்டிருப்பாளே, ஆட்டம் இவனுக்குத்தானே வந்திருக்கும் என்று பின்னால் யாரோ கேட்கிறான். அவனுக்கு எப்படிப் புரியும், அவன் எந்தச் சந்தோ. பக்கத்தில் ஜெரால்டு வாயில் கையை வைத்திருக்கிறான், பல் விழுந்தவன் மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பொங்குகிறது. வந்துவிட்டது. வார்த்தை வந்துவிட்டது. திட்டாக வரும் என்றல்லவா நினைத்தேன், எக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இவனுக்கு என்மேல் கோபம் இருக்கலாம், இன்னும் பத்து வருஷம் இருக்கட்டும், ஆனால் என்மேல் வண்டி ஏறுவதை இவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒரு பெட்டிக்குள்ளேகூட முடியாது. என்னால் முடியும் என்று நான் இருந்தேனே, அதற்கும் சேர்த்து இவன் கத்தியிருக்கிறான். கண் கலங்கித் திரை இரண்டிரண்டாகத் தெரிந்தது. அதற்காக விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்தானா? வண்டி போனதும் பந்து யாரிடம் இருந்ததோ அவரிடமிருந்துதான் ஆட்டம். அதுதான் முறை. அடித்தேன். தீப்பிடித்த பந்து கோலியையும் சேர்த்துக் கேட்டுக்குள் தள்ளியது. ஐந்து.

கடை இடிந்து விழுகிற மாதிரி கூச்சல். நான் ஸ்டூலிலேயே குதித்தேன். ஜெரால்டு பேச ஆரம்பித்துவிட்டான், அடைத்திருந்த குழாயில் தண்ணீர் வந்த மாதிரி சளசளவென்று, இது செல்லாது, கத்தினது நான், கோல் உனக்கா, அப்போ எனக்கு வேன் வந்தப்ப நீ ஏன் கத்தல, ஒரு வாரம் நீ பந்தையே தொடக் கூடாது, பாயைக் கேளு, யாரை வேண்டுமானாலும் கேளு என்று. தொடல, ஒரு வாரம் தொடல என்றேன், சிரித்துக்கொண்டே இருந்தேன். இஸ்மத் பாய் இதற்கெல்லாம் அசையவில்லை. தோற்றவன் எழுந்திரு, ஜெயித்தவர் உட்காரு, அடுத்த டோக்கன் என்றார். ஜெரால்டு எழுந்தான். அவன் இடத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒரு பெரிய ஆள் வந்து உட்கார்ந்தார், ஸ்டூல் முனகியது, டோக்கன் விழுந்தது, திரை வெளிச்சமானது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாட்டிக்கொண்டது நான். ஜெயித்துவிட்டேன், எழுந்திருக்க முடியாது. அவன் எனக்குப் பின்னால் எங்கேயோ நிற்கிறான், அல்லது போய்க்கொண்டிருக்கிறான், அல்லது போயேவிட்டான். ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு வார்த்தையும் ஒரு சண்டையும் கிடைத்தது, போதாதா? போதாது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறது, எல்லாச் செருப்பும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. பந்து சடைக்காரியின் காலுக்கு வந்துவிட்டது. பெரியவர் மெதுவானவர், இடதுபுறம் மொத்தமும் திறந்து கிடக்கிறது, கோல் என்னைப் பார்த்துக் கூப்பிடுகிறது. கட்டைவிரல் பட்டனுக்குப் போகிறது.

“அக்கா.”

முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில். பெட்டியின் கூச்சலில் பாதிதான் கேட்டது. ரயில் நேரத்துக்கு முந்தியே கெளம்பறேன், டேசன் போற வழில உன் வூட்டுக்கு வர்றேன், அந்தக் கோலியாண்ட சொல்லி வையி என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்கு அந்தப் பழைய நாள் முழுசாகத் தெரிந்தது. அவன் நிற்கிற இடத்தில் நான் நின்றிருந்தேன், நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், அவன் கண் இந்தத் திரையில் இருந்தது, என் வாய் அவன் முதுகைப் பார்த்துப் பேசியது. சொன்னேன், சொன்னேன் என்று இவ்வளவு காலம் நான் கத்தியது பொய் இல்லை. கேட்கவில்லை என்று அவன் சொன்னதும் பொய் இல்லை.

“கேக்குதா?” என்றான்.

ஜாய்ஸ்டிக்கை விட்டேன். இரண்டு கையையும் எடுத்துவிட்டு, ஸ்டூலோடு முழுசாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். தாடிக்குள்ளே அதே பயல்தான்.

“கேட்டுச்சுடா. வா. மீன் வாங்கி வெச்சிருக்கான் உங்க மாமன்.”

மாமன் என்றதும் முகத்தைச் சுளித்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் பெட்டி கோல் கோல் என்று கத்தியது, யாருக்கு விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பெரியவர் சந்தோஷமாக ஏதோ சொன்னார். இஸ்மத் பாய் என்னைப் பார்த்து, நடுவுல எழுந்தா தோத்ததா அர்த்தம்மா, அப்புறம் எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது என்றார். தெரியும் பாய் என்றேன். எழுந்துவிட்டேன்.